லேபிள் அக்காவும் புதுத் தடமும்

லேபிள் அக்கா என்றால் அந்த நெட்வொர்க் கம்பெனியில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஆரம்பத்தில் அவர் அங்கே புகார் தொலைபேசி எடுப்பவராகத்தான் சேர்ந்தார். எத்தனையோ பேரிடம் வசவு வாங்கிய அந்த வேலையில் ஒரு பழக்கம் அவரோடு ஒட்டிக்கொண்டது. குறை சொல்லி அழைப்பவர் சொல்வதை முதலில் நம்பிவிடுவார், சரிபார்ப்பதெல்லாம் அப்புறம்தான். மகளை மடியில் தூங்கவைத்துக்கொண்டே படித்துத் தேர்வு எழுதினார், நெட்வொர்க் பிரிவுக்கு மாறினார். பஸ் ஓட்டும் கணவர் அந்த வருடங்களில் சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உப்பு மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

அக்காவுக்கு இந்தப் பட்டப்பெயர் வந்தது அவர் வேலையால். ஊருக்கு ஊர் நிற்கும் ரவுட்டர்கள் வழியாகத் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஓர் எண் ஒட்டியிருக்கும், அதுதான் லேபிள். ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு ஊருக்கும் தனக்கென்று ஓர் எண் வைத்துக்கொண்டு, "அந்த ஊருக்குப் போவதை என்னிடம் தந்தால் இதை ஒட்டித் தா" என்று பக்கத்து ரவுட்டர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும். பொட்டலம் கைக்கு வந்ததும் அந்த எண்ணைக் கழற்றிவிட்டு, அடுத்த ரவுட்டர் கேட்டிருக்கும் எண்ணை ஒட்டி அனுப்பும். ஒரே எண்தான் கடைசிவரை போகும் என்று நினைத்துத் தடுமாறுகிறவர்களிடம் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "நம்பரை வாங்கிக்கிறவன்தான் முடிவு பண்ணுவான், அனுப்புறவன் இல்லை."

ஒரு நாள் காலை இரண்டு நகரங்களுக்கு நடுவே புதுத் தடம் திறந்தார்கள். பழையதைவிடக் குறுக்கு வழி என்பதால் ரவுட்டர்கள் தகவல் போக்குவரத்து முழுவதையும் தாமாகவே அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. பக்கத்து அறையில் முதலாளிகளும் பெரிய வாடிக்கையாளர்களும் புதுத் தடத்தில் போகும் தகவலின் அளவைக் காட்டித் திரையில் ஏறும் வரைகோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் நாத்தனாரிடமிருந்து அழைப்பு. அவள் அந்த இரண்டு நகரங்களில் ஒன்றில், ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள்.

"அண்ணி, இங்கேர்ந்து படம் எதுவும் போக மாட்டேங்குது. தலையில அடிபட்டு ஒருத்தர் படுத்திருக்காரு. இன்னொரு ஊர்ல இருக்கற டாக்டர் பார்த்துச் சொன்னாத்தான் ஆபரேஷன்."

அக்கா கூட வேலை செய்பவர்களிடம் விசாரித்தார். சோதனையெல்லாம் நன்றாகவே வருகிறது, மருத்துவமனைக் கருவியில்தான் ஏதோ கோளாறு என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. எந்த ரவுட்டரைக் கேட்டாலும் பளிச்சென்று பதில் வந்தது. ஆனாலும் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. இந்தச் சோதனை லேபிள் இல்லாமலே போய்விடும். மருத்துவமனையின் படங்களோ அதே தடங்களுக்குள் தனியே வகுத்த பாதையில் போகிறவை, லேபிள் இல்லாமல் அவை ஓர் அடி நகராது.

புதுத் தடத்தின் இரு முனை ரவுட்டர்களையும் தன் மேசையிலிருந்தே திறந்து பார்த்தார். அவற்றுக்கு வழி தெரிந்திருந்தது, ஆனால் ஒன்றுக்கொன்று ஒரு லேபிள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு முனையில் லேபிள் பரிமாற்றத்தை இயக்க விட்டுப்போயிருந்தது. ஒட்ட எண் தெரியாமல், படங்கள் அங்கேயே கைவிடப்பட்டுக்கொண்டிருந்தன.

விட்டுப்போனதை அந்த அவசரத்தில் சரிசெய்யப் போய், வேறு எதுவும் பிசகிவிட்டால்? பழைய தடத்தில் லேபிள்கள் தயாராகவே இருந்தன. போக்குவரத்தை அதற்கே திருப்பிவிடுவதுதான் நிச்சயமான வழி. ஆனால் விருந்தாளிகள் கண்ணெதிரே திரையில் எல்லாம் சரிந்து விழும்.

அக்கா மேலாளரை வெளியே அழைத்தார். "சார், அந்தக் கோடு கீழ விழும். விழட்டும். முதல்ல படம் போகட்டும்."

அவர் உள்ளே திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "செய்யுங்கம்மா, உள்ள இருக்கறவங்ககிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று கதவைத் திறந்துகொண்டு போனார்.

புதுத் தடம் நீளமான வழி என்று ரவுட்டர்கள் எண்ணும்படி, இரு முனைகளிலும் அதன் தூர மதிப்பை அக்கா உயர்த்தினார். பக்கத்து அறைத் திரையில் கோடு சரிந்து விழுந்தது. நாத்தனார் மறுபடி அழைத்து, "போயிடுச்சு அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார், நடந்தே வீட்டுக்குப் போனார் என்பதெல்லாம் பிற்பாடு வந்த சேதி.

மறுநாள் கூட்டத்தில், லேபிள் பரிமாற்றத்தை இயக்காமல் விட்டது யார் என்று முதலாளி கேட்டார். யாரென்று அக்காவுக்குத் தெரியும். அந்தப் பொறியாளர் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார்.

"யாருன்னு கண்டுபிடிச்சாலும் அடுத்த தடவை வேற யாராவது விடுவாங்க சார்," என்றார் அக்கா. "விட்டாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி வைப்போம்."

அதற்கான வசதி ரவுட்டர்களிலேயே இருந்தது, யாரும் இயக்கியிருக்கவில்லை. பக்கத்து ரவுட்டர் லேபிள்களைச் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தடத்தை மற்றவை நாடமாட்டா. எல்லாத் தடங்களிலும் அதை இயக்கிவைக்கச் சில வாரங்கள் பிடித்தன. முகம் வெளுத்த பொறியாளரே முன்வந்து பாதி வேலையைச் செய்தார்.

புதுத் தடத்தை மறுபடி திறந்தபோது விழா எதுவுமில்லை. லேபிள்கள் வரிசையாக வந்து நிற்பதைத் திரையில் பார்த்தபின் அக்கா தொலைபேசியை எடுத்தார்.

"பழைய படம் ஏதாவது ஒண்ணு அனுப்பிப் பாரும்மா."

"சாப்பிட்டுட்டு இருக்கேன் அண்ணி," என்றாள் நாத்தனார், எழுந்துகொண்டே.