மலைக்கு வந்த கயிறு

என் தங்கச்சியின் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயும் கொடி ஒரு நைலோன் கயிறு. வெள்ளைக் கயிற்றுக்குள் சிவப்பு நூல் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடும். கிணற்றடித் தென்னையிலிருந்து குசினிச் சுவரில் இறக்கிய வளையம் வரைக்கும் இருபத்திரண்டு முழம். வளையத்தைத் தாண்டி இன்னும் ஒரு முழம் தொங்குகிறது. அந்த நுனியை அவள் முடிந்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து அங்கே சாப்பிடப் போகும்போது முதலில் கொடியில் எத்தனை உடுப்பு என்று எண்ணுவேன். ஈரப் பாரத்தில் நடுவில் தாழ்ந்து கிடக்கும் கயிறு, வெயில் ஏற ஏற, உடுப்புக் காயக் காய, மெல்ல மேலே எழும். அந்த நேரத்தில் முற்றத்தில் நிற்க என்னால் முடிவதில்லை. உள்ளே போய்விடுவேன்.

இந்தக் கயிறு ஒரு பனிமலையில் ஏறுவதற்காகக் கல்முனைக்கு வந்தது. சொன்னால் சிரிப்பார்கள், எழுபதுகளின் கடைசியில் அது வந்த நாளிலும் சிரித்தார்கள். வரவழைத்தவன் என் மச்சான். என்னோடு ஒரே வகுப்பில் படித்து, பிறகு என் தங்கச்சியைக் கட்டியவன். நீர்ப்பாசனக் கந்தோரில் மட்டம் பார்க்கும் வேலை அவனுக்கு. இறக்காமத்துக் குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரங்களிலும் முக்காலியை நட்டு நிலத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டு திரிவான். “என்ட கண்ணால கண்ட உயரமெல்லாம் அடிக்கணக்குத்தான் மச்சான். தென்ன மரத்துக்கு மேல ஒண்டுமில்ல,” என்பான். எங்களோடு படித்த ஒருவன் பொறியியல் படிக்கப் பாகிஸ்தானுக்குப் போயிருந்தான். அவன்தான் அந்த நாட்டின் வடக்கே நிற்கும் ஒரு மலையின் படத்தையும், மலையேறும் முறை சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும், கடைசியாக இந்தக் கயிற்றையும் அனுப்பி வைத்தான். மலையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தங்கச்சி வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் நின்றுவிட்டது.

விளையாட்டாகத் தொடங்கியது விளையாட்டாக நிற்கவில்லை. இருவரும் கடவுச்சீட்டு எடுத்தோம். அடுத்த கோடையில் போவது என்று முடிவாயிற்று. நான் கணித ஆசிரியன் என்பதால் பாரக் கணக்கு என் தலையில் விழுந்தது. மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், பேரீச்சம்பழம் எத்தனை இறாத்தல், ஒரு தோளுக்கு எவ்வளவு சுமை என்று அவன் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து கூட்டிக் கழிப்பேன். எப்படிக் கழித்தாலும் எட்டு இறாத்தல் கூடிவிடும். உயரத்தில் தண்ணீர் சூடு போதாமலே கொதித்துவிடும், அரிசி சரியாக வேகாது என்று புத்தகத்தில் கண்ட அன்றுதான் மச்சான் மெய்யாகவே கலங்கினான். “சோறு வேகாத ஊருல மனிசன் எப்புடிடா இரிக்கிற?” என்றான். குசினிக்குள்ளிருந்து தங்கச்சி, “இஞ்ச வேகிற சோத்தத் திண்டுட்டுச் சும்மா இரிங்களன்!” என்று குரல் கொடுத்தாள்.

மாலையில் அசர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போவோம். பனிப்பாளத்தில் ஆழமான பிளவுகள் இருக்கும். மேலே படிந்த புதுப்பனி அவற்றை மூடியிருக்கும். அதனால் இருவரும் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இடைவெளி விட்டு நடக்க வேண்டும். ஒருவன் பிளவுக்குள் விழுந்தால் மற்றவன் அந்தக் கணமே பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, குதிகாலை ஊன்றிப் பிடிக்க வேண்டும். கடல் அரித்த மணல்மேட்டில் அதைப் பழகினோம். மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் விளிம்பிலிருந்து கீழே குதிப்பான். நான் சாய்ந்து பிடிப்பேன். தோணி தள்ள நின்ற ஒருவர், “என்ன மாஸ்டர், மச்சான் ஊட்ட உட்டு ஓடிருவாரெண்டா கட்டி வெச்சிரிக்கீங்க?” என்று கேட்டுச் சுற்றி நின்றவர்களையெல்லாம் சிரிக்க வைத்தார். நாற்பது தடவைக்கு மேல் குதித்திருப்பான். ஒரு தடவைகூட நான் விடவில்லை.

கத்தி விடயத்தில் மட்டும் எங்களுக்குள் வாக்குவாதம். மேலே நிற்பவனால் தாங்க முடியாமல் போனால் கயிற்றை அறுக்க ஒரு கத்தி வேண்டும். அது யாரிடம் இருப்பது?

“விழுந்தவன்ட கையில இரிக்கணும் மச்சான். மேல நிக்கிறவனுக்கு அறுக்க மனசு வராது,” என்றான்.

“விழுந்தவனுக்கு மட்டும் வருமா?”

“கீழ என்ன கிடக்கெண்டு அவனுக்குத்தானே தெரியும்.”

அன்றிலிருந்து மடக்குக் கத்தி ஒன்று அவன் இடுப்பு வாரில் இருந்தது.

அந்த வருடம் மாரியில் புயல் அடித்தது. அவன் வாப்பா சவளக்கடைப் பக்கம் வயற்காவலுக்குப் போய்த் தங்கியிருந்தார். காலையில் காற்று ஓய்ந்தபோது எங்கள் பக்கம் நின்ற தென்னைகளை எண்ணினேன்; பத்துக்கு மூன்றுதான் மிச்சம். வாப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வயலுக்குப் போகும் வழியில் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட தாம்போதி ஒன்று உண்டு. மழை கனத்தால் வெள்ளம் அதன் மேலால் பாயும். நாங்கள் போனபோது முழங்கால் அளவு பாய்ந்தது. ஓரத்துக் கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. “பனிமலைக்குப் போறவனுக்கு இது ஒரு தண்ணியா?” என்று சொல்லி அவன் கயிற்றை எடுத்தான். கடற்கரையில் பழகியபடியே இடுப்பில் கட்டிக்கொண்டோம். அவன் முன்னால், நான் பின்னால். பனிமலையில் கயிற்றைக் கட்ட எதுவும் இருக்காது என்று புத்தகம் சொன்னது. இங்கே கட்டைக்கு மேல் கட்டை நின்றது. ஒன்றிலாவது கயிற்றைச் சுற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் கட்டையருகே அவன் கால் வழுக்கிப் பள்ளப் பக்கம் போனான். நான் யோசிக்கவில்லை. பழகிய உடம்பு தானாகச் சாய்ந்து உட்கார்ந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. இரண்டு பாதங்களையும் ஒரு கட்டையில் ஊன்றிக் கயிற்றைப் பிடித்தேன். அவன் தலையும் ஒரு கையும் தெரிந்தன. பிறகு கை மட்டும். “புடிச்சிரிக்கன் மச்சான்! புடிச்சிரிக்கன்!” என்று கத்தினேன். கயிறு கம்பியாக விறைத்து நின்றது. சட்டென்று பாரம் போயிற்று. அவன் கால் நிலத்தில் பட்டு எழுந்து நின்றுவிட்டான் என்றே நினைத்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். இழுத்தேன். கயிற்றின் நுனி என் கைக்கு வந்தது. நேராக அறுத்த நுனி.

வாப்பா யானைக் காவல் பரணில் ஏறிப் பத்திரமாக இருந்தார். வெள்ளம் வடிந்ததும் நடந்தே வந்து சேர்ந்தார், மகனின் உடல் மையித்தாகத் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட அன்று. அவன் இடுப்பில் நான் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது.

அவன் என்னைக் காப்பாற்றத்தான் அறுத்தான் என்று ஊர் சொன்னது. நானும் அப்படியே நம்பினேன். எண்பதுகளில் ஒரு நாள் உயர்தர வகுப்பில் விசைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். ஓடும் நீரில் ஒரு பொருள், அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் இழை. கரும்பலகையில் அம்புக்குறிகளைப் போட்டு வந்த கை பாதியில் நின்றது. நீர் அந்தப் பக்கம் தள்ள, இழை இந்தப் பக்கம் இழுக்க, நடுவில் இருப்பது கீழேதான் போகும். பிளவில் விழுந்தவனைத் தாங்கும் பிடி, வெள்ளத்தில் விழுந்தவனை அமுக்கும். பிள்ளைகள் பேனாவோடு காத்திருந்தார்கள். “சேர், மறுகா?” என்று ஒருவன் கேட்டான். அந்தக் கணக்கை நான் முடித்துக் கொடுக்கவில்லை. எதை விலக்க அறுத்தான்? என்மேல் இருந்த பாரத்தையா, அவன்மேல் இருந்த என் பிடியையா? அன்றிலிருந்து எத்தனை விதமாகப் போட்டுப் பார்த்தும் விடை ஒன்றாக வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை தங்கச்சியிடம், “புள்ள, புதுக் கம்பி ஒண்டு வாங்கித் தாறன். இதக் கழட்டிருவமா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்குக் காக்கா? நல்லாத்தானே கிடக்கு.”

அப்போதுதான் அத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டேன். “அவன் என்னக் காப்பாத்த அறுத்தானா, என்ட பிடியில இரிந்து தப்ப அறுத்தானா?”

அவள் கொடியிலிருந்து உடுப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“ரெண்டுக்கும் ஒரு வெட்டுத்தானே காக்கா,” என்றாள். இன்னொரு உடுப்பை உருவிக்கொண்டே, “நீங்க கயித்த உடல்ல. எனக்கு அது தெரியும். சோறு ஆறுது, உள்ள போங்க,” என்றாள்.

நான் போகவில்லை. கொடியில் ஒன்பது உடுப்பு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தாள், எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசிச் சாரனை அவள் உருவியதும் கயிறு ஒரு தரம் மேலே துள்ளி அதிர்ந்தது. ஒன்றையும் பிடித்திராத என் இரண்டு கைகளும் தாமாகவே இறுகிக்கொண்டன.