வெள்ளிக்கிழமை வரை திறந்திருந்த டப்பா

பால் வாசனை ஆகாமல் போன பிறகுதான் எங்கள் வீட்டில் காலை டீ நின்றது. என் மனைவிக்கு வயிற்றில் புற்று. மருந்து ஏற்றிக்கொண்டு வந்ததிலிருந்து பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூட அவளுக்குக் குமட்டும். டீ குடிக்காமல் ஒரு நாளும் வாசல் தெளிக்காதவள். இப்போது கஞ்சித் தண்ணீரும் நிற்கவில்லை. சூடாக ஒரு வாய் ஏதாவது உள்ளே போய்த் தங்கவேண்டும் என்பதைத் தவிர ரிஷிவந்தியம் சாமியிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை.

பெங்களூரில் வேலையில் இருக்கிற மகள்தான் போனில் சொன்னாள். "மாட்சான்னு ஒரு டீத்தூள் இருக்குதுப்பா. தேயிலைய நிழல்ல வளத்து மாவாட்டம் அரைச்சது. பால் வேணாம், சக்கரை வேணாம். எதுக்கும் டாக்டரைக் கேட்டுக்கோ. பச்சைப் பசேல்னு இருந்தா வாங்கு. மஞ்சள் அடிச்சா பழசு, வேணாம்."

டாக்டர், "லேசாகக் குடிக்கட்டும், இனிமேல் அவங்க ஆசைப்படுறதைக் கொடுங்க" என்றார். அந்த 'இனிமேல்' எனக்குப் புரிந்தது. அவளிடம் முதல் பாதியைத்தான் சொன்னேன்.

சங்கராபுரத்தில் கிடைக்கவில்லை. பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடைக்காரர் முருங்கை இலைப் பொடியை எடுத்து வைத்தார். "இதுவும் பச்சைதான பெரியவரே? ஜப்பான்காரன் பொடியில இன்னா ஜாஸ்தி இருக்கப் போவுது?" என்றார். பெரிய கடை ஒன்றில் மாட்சா பாக்கெட்டாகவே தொங்கியது. எனக்கு அவ்வளவு படிப்பில்லை. அங்கே வேலை செய்த பெண்ணிடம் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். முதலில் சர்க்கரை, அடுத்தது பால் பவுடர், கடைசியில்தான் தேயிலை. வைத்துவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஜூஸ் கடைப் பலகையில் மாட்சா என்று எழுதியிருந்தது. கடைக்காரத் தம்பி என் வேட்டியையும் விபூதியையும் பார்த்துச் சிரித்தார். "யாருக்குங்க? ஜிம்முக்குப் போய்க்கினு இருக்கீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. இரண்டு டப்பாவைத் திறந்து, வெள்ளைத் தாளில் துளித் துளி வைத்து விரலால் இழுத்துக் காட்டினார். ஒன்று காய்ந்த புல் நிறத்தில், நறநறவென்று இழுபட்டது. "இது கேக்குல போடறது. வெறுந் தண்ணில குடிச்சா கசப்பு தாங்காது." இன்னொன்று பிடுங்குகிற பருவத்து நாற்றின் பச்சை. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி விரலில் ஒட்டியது. முகர்ந்தால் அப்போது அறுத்த புல். அதில் பிரிக்காத டப்பா ஒன்றை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "காத்தும் வெளிச்சமும் இதுக்கு ஆவாதுங்க. தொறந்தா ஒடனே மூடிடுங்க. கொதிக்கிற தண்ணி ஊத்தாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் டப்பாவைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமி முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டிய பிறகுதான் தொடுவோம். அன்று சனிக்கிழமை.

"இன்னைக்கே ஒரு வாய் குடிம்மே" என்றேன்.

"இத்தினி நாளு காட்டாம தின்னமா? மருந்தா வேற குடிக்கப் போறேன். சும்மா இருங்க."

மூடியிருக்கிற பண்டத்தைச் சாமி எப்படி எடுக்கும் என்று, அவளே மூடியைத் திறந்து சாமி மாடத்தில் வைத்தாள். கிழக்குப் பார்த்த மாடம். காலை வெயில் நேராக விழும். கடைக்காரத் தம்பி சொன்னது நினைவில் இருந்தும் நான் மூடவில்லை. சாமிக்கு வைத்ததை எப்படி மூடுவது?

வெள்ளிக்கிழமை பார்த்தபோது மேல் பொடி சருகு நிறத்தில் கிடந்தது. அவளுக்குத் தெரியாமல் அதை வழித்தெடுத்துத் துளசிச் செடியில் போட்டேன். அடியில் பச்சை மிச்சமிருந்தது. பொடியைச் சலித்து, ஆறிய வெந்நீர் ஊற்றி, மோர் கடைகிற சின்ன மத்தால் நுரை வரும்வரை கடைந்தேன். வாந்தி வந்தால் பிடிக்கப் பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மெல்ல மெல்லக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் பேசினைத் தூக்கினேன்.

"அதைக் கீழ வைங்க. பயமுறுத்தாதீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "புல்லு வாசனதான். ஆனா நிக்குது. நாளைக்கும் போடுங்க" என்றாள்.

சில காலைகள் குடித்தாள். பிறகு எச்சிலும் இறங்கவில்லை. மாடத்தில் போன அந்த நாட்களைச் சாமியிடம் நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதென்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன்.

கருமாதிப் படையலுக்கு மிச்சப் பொடி ஆகாது, முழுக்கச் சருகு நிறமாகிவிட்டது. மறுபடி கள்ளக்குறிச்சிக்குப் போனேன். கடைக்காரத் தம்பி என்னைக் கண்டுகொண்டார். "அம்மாவுக்கு ஒத்துக்கிச்சுங்களா?"

"ஒத்துக்கிச்சுப்பா" என்றேன். பொய்யில்லை. மொட்டை போடும் நாள் இன்னும் வரவில்லை, என் தலையைப் பார்த்து அவருக்குத் தெரிய வழியில்லை. புது டப்பாவை அதே மாதிரி தாளில் இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

படையலில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருந்தது. நான் மத்தால் கடைந்துகொண்டிருந்தபோது அவள் தம்பி ஆவி பறக்கப் பால் டீ கொண்டுவந்தான்.

"இன்னா மாமா, பச்சத் தண்ணிய வச்சிக்கினு? அக்காவுக்கு டீன்னா உசுரு."

"அத வெளிய எடுத்துக்கினு போய்டு மச்சான்" என்றேன். "பால் வாசன அவளுக்கு ஆவாது."