முப்பத்தொரு மருத்துவமனைகளின் காலிப் படுக்கைகள்

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை யாருமில்லை. சுகாதார அலுவலகத்தில் தினமும் காலையில் முப்பத்தொரு மருத்துவமனைகளைப் போனில் கூப்பிட்டு, காலிப் படுக்கைகளைக் கேட்டு எழுதுவார். அதை வைத்துத்தான் எந்த நோயாளியை எங்கே அனுப்புவது என்று முடிவாகும்.

ஒருநாள் மலையடிவார மருத்துவமனையின் நர்ஸ், “என்ன சார், தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் குடிச்சீங்களா?” என்றாள்.

அந்த வாரத்தில் அவரை ஒருவர் விசாரித்தது அதுதான் முதல் தடவை.

“வெச்சுத் தர ஆளில்லம்மா.”

“வெந்நீர் வைக்கக்கூட சமையல் தெரியணுமா சார்?”

வாய்விட்டுச் சிரித்தார். போனை வைத்த பிறகுதான் பட்டியலில் அந்த மருத்துவமனையின் கட்டம் நிரம்பாதது தெரிந்தது. ஆசையோடு மறுபடியும் கூப்பிட்டார். எடுத்தவர் வேறு யாரோ.

“நாலு காலி” என்றது குரல். எழுதிக்கொண்டு அடுத்த மருத்துவமனையைக் கூப்பிட்டார்.