தந்தியில் விரல் நகரும் சத்தம்

ரெக்கார்டு கேட்கப் புது டர்ன்டேபிளும் டோன்ஆர்மும் வாங்குவதா வேண்டாமா என்று எட்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிச்சமிருந்த பெரிய ஆசை அது ஒன்றுதான். என்னிடம் இருந்ததும் மட்டமானதல்ல. நல்ல ஜப்பான் மெஷின். ஆனால் கொஞ்ச காலமாக ரெக்கார்டுகள் எல்லாம் கம்பளி போர்த்தியதுபோல மந்தமாகக் கேட்டன. ஊசியை மாற்றினேன். ரெக்கார்டுகளைக் கழுவிக் காயவைத்தேன். தேறவில்லை. ஊசியைத் தாங்கும் அந்தக் கைதான், டோன்ஆர்ம்தான், தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

என்னிடம் ஒரு வீணை ரெக்கார்டு இருக்கிறது. ஆலாபனையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, வாசிக்கும் அம்மாளின் விரல் தந்தியில் உரசும் மெல்லிய சத்தம் வரும். எனக்கு ராகத்தைவிட அது பிடிக்கும். அது வந்தால் ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் எப்போது நின்றுபோனது என்று எனக்கே தெரியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு ஏக்கமும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டராக இருக்கும் என் பள்ளித் தோழன், தன்னிடம் இருந்த உயர்ந்த ரக டர்ன்டேபிளை டோன்ஆர்முடன் குறைந்த விலைக்கு எனக்குத் தருவதாகச் சொன்னான். அவன் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கியிருந்தான். "மொதல்ல வந்து கேளுலே. பொறவு முடிவு பண்ணு" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணை ரெக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சும்மா வீட்டில் இருப்பானேன் என்று மனைவியும் வந்தாள். என் ரெக்கார்டுகளை அவள் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

தோழன் அந்த டர்ன்டேபிளில் ரெக்கார்டைப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வீணை வந்தது. வீட்டில் கேட்ட அதே வீணை, அதே கம்பளி.

"எப்படிலே?" என்றான்.

"அருமை" என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது மனைவி கேட்டாள்: "அந்தம்மா வெரலு தந்தியில ஒரசுதது கூட எம்புட்டுத் தெளிவா கேக்குது! எல்லா ரெக்கார்டுலயும் இப்படிக் கேக்குமா?"

நான் ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றவிடாமல் அவளை உட்காரவைத்து, என் பழைய மெஷினில் அதே பக்கத்தைப் போட்டேன். "இதுல கேக்குதா?"

"கேக்குதே. அங்க இன்னும் கொஞ்சம் தெளிவு, அம்புட்டுதான். இந்தா... இப்ப. இப்பவும் வந்துச்சுல்ல?"

நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கேக்கலையா?"

மதுரைக்குப் போய்க் காதைச் சோதித்தோம். எங்கே வேலை என்று டாக்டர் கேட்டார். ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருடம், நூல் முறுக்கும் ரிங் பிரேம் பகுதி, ஓயாத இரைச்சல் என்றேன். அவர் தலையாட்டினார். மெல்லிய, உச்சமான சத்தங்கள்தான் முதலில் போகுமாம், போனால் போனதுதானாம். அத்தனை பஞ்சுக்கு நடுவில் நின்றும், காதில் வைத்துக்கொள்ள ஒரு துணுக்கு நான் கிள்ளியதில்லை.

காது மெஷின் வாங்கினேன். அடுப்படியிலிருந்து மனைவி பேசுவது இப்போது இரண்டாம் முறை சொல்லாமலே கேட்கிறது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ரெக்கார்டைப் போட்டால், விரல் உரசுவது தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் வருகிறது. அந்த அம்மாளின் விரல் அப்படி இருக்காது. ரெக்கார்டு கேட்கும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.

தோழனுக்குப் போன் போட்டு, வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். "நீ வச்சுக்கலே, சும்மாவாச்சும்" என்றான். மறுத்துவிட்டேன்.

தளவாய்புரத்து வாத்தியார் ஒருவர் அவனிடமிருந்து அந்த டர்ன்டேபிளை வாங்கிக்கொண்டார். ஒருநாள் வந்து கேட்டுப் போங்கள் என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். போகவில்லை. வேண்டாம் என்று சொன்னது நானேதான்; ஆனாலும் தோழன் முன்பு அனுப்பிய அந்த டோன்ஆர்மின் படத்தை இன்னும் போனிலிருந்து அழிக்க மனம் வரவில்லை. சாப்பிட்டுப் படுத்த மத்தியானங்களில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.