வசிப்போர்: பூச்சியம்

கொழும்பில் சர்வதேச வணிகத்தில் முதுகலை படித்த எங்கள் வகுப்பில் திருகோணமலை முகவரி எனக்கு மட்டும்தான் இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி, ஞாயிறு வகுப்பு. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினால், சோதனைச் சாவடிதோறும் இறங்கி நடந்து, பையைக் கொட்டி அள்ளி, பொழுதுபடுவதற்குள் கொழும்பைப் பிடிக்கலாம். என்னுடைய சந்தைப்படுத்தல் குறிப்புகளை எத்தனை படைவீரர்கள் புரட்டியிருக்கிறார்கள்! அந்தப் பாடத்தில் என்னைவிட அவர்களுக்குத்தான் கூடப் புள்ளி கிடைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் எனக்கு அந்தப் படிப்பில் பைத்தியம். யுத்தம் திரும்பத் தொடங்கி, சம்பூர்ப் பக்கத்துச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து முடிந்திருந்த காலம் அது. ஊரில் மாலையானால் கதவடைப்பு. அந்த வகுப்பறையில் மட்டும் உலகம் முழுக்கக் கப்பல் ஓடியது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை என்று விரிவுரையாளர் போகிற போக்கில் சொன்னபோது, கேள்வி எதுவும் இல்லாமலே கையை உயர்த்திவிட்டேன்.

"என்ன கேள்வி?" என்றார்.

"கேள்வி இல்லை சேர். நான் அந்த ஊர்."

வகுப்பு சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளவத்தைப் பெடியன் மெல்லக் குனிந்து, "ஆழமாமெல்லே தாயே. கப்பல் எல்லாம் அடியிலயோ நிக்குது?" என்றான். அவனும் நானும்தான் கடைசிச் செயற்திட்டத்துக்கு ஒரே குழு.

அந்தச் செயற்திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கற்பனை வெளிநாட்டுக் கம்பனி. அது ஏற்றுமதி வலயம் அமைக்க எங்கள் நாட்டில் ஓர் இடம் தேடுகிறது. மூன்று இடங்களை ஒப்பிட்டு ஒன்றைச் சிபாரிசு செய்ய வேண்டும். நடுவர்கள் விரிவுரையாளர்கள் அல்லர், பழைய மாணவர்கள். எங்கள் பாடநெறியில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம் அதுதான்: படிப்பு படிப்பிக்கிறவர்களிடம், வேலை பழைய மாணவர்களிடம். அவர்கள் கண்ணில் பட்டவர் தப்பினார். மற்றவர்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம். எனக்குக் கொழும்பில் மாமன் மச்சான் என்று கம்பனி வைத்திருப்பவர்கள் இல்லை. அந்த ஒரு நாள்தான் எனக்கு இருந்த வாசல்.

மற்றக் குழுக்கள் கொழும்பையும் தெற்கையும் எடுத்தன. நான் அடம்பிடித்து எங்கள் கடலை எடுத்தேன். நிலாவெளி, நகரத்தின் ஓரம், குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். மூன்றையும் ஒப்பிடுவது.

சம்பூருக்குப் போய்ப் பார்க்க ஏலாது. படையினர் ஒருவரையும் விடவில்லை. ஆனால் சம்பூர் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தது. அம்மாவின் மூத்த சகோதரி, என் பெரியம்மா, அந்தப் பக்கத்து உபதபாற்கந்தோர் ஒன்றில் இருபது வருடம் இருந்தவர். ஷெல்லடிக்குள் வெளிக்கிட்டு, இலங்கைத்துறை, வெருகல், வாகரை என்று நடந்து, மட்டக்களப்பு முகாமில் மாதக்கணக்கில் இருந்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். உடுத்த சீலையோடு தபாற்கந்தோரின் திகதி முத்திரையையும் கொண்டு வந்திருந்தார். வந்த மறுநாளே அதைப் பெரிய கந்தோரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினார்.

நான் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"கரையில இருந்து எவ்வளவு தூரத்தில கடல் ஆழமாகும் பெரியம்மா?"

"ஏன், நீந்தப் போறியோ?"

"இல்லை, யூனிவர்சிட்டிக்கு உங்கட ஊரைப் பற்றி எழுதப்போறன்."

துருவலை நிறுத்தினார். "எங்கட ஊரைப் பற்றியோ? ஆர் வாசிக்கிறது?"

"பெரிய பெரிய ஆக்கள். வெளிநாட்டுக்கும் போகும்."

"அப்ப வடிவா எழுத வேணும்" என்று கையைக் கழுவிவிட்டு வந்தார்.

அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்பது அந்தக் கணமே எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். தங்களைத் திரும்பப் போக விடச் சொல்லி நான் எழுதுகிறேன் என்று நினைத்தார். நான் திருத்தவில்லை. திருத்தினால் தகவல் வருவது நின்றுவிடும் என்ற பயம்.

தகவல் கொட்டியது. பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊரை வரைந்தார். மாரியில் எங்கே வெள்ளம் நிற்கும், எங்கே நிற்காது. கச்சான் காற்று எந்த மூலையால் வரும். எந்தக் கிணறு ஆடியிலும் வற்றாது. எந்தக் கிணறு உவர். சங்கக்கடையில் நிவாரணம் எடுக்க வரிசையில் நிற்கும் தன் ஊர்ச் சனத்திடமும் கேட்டு வந்தார். "உவள் என்ர தங்கச்சியின்ர மகள். எங்களைப் பற்றி வெளிநாட்டுக்கு எழுதிறாள்" என்று சொல்லி, ஒரு நாள் இரண்டு பெண்களைக் கையோடு கூட்டியும் வந்தார். அவர்கள் தங்கள் காணிகளின் மேடு பள்ளத்தை, சாட்சி சொல்வதுபோல், ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துச் சொன்னார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். எவ்வளவு நல்ல தரவு! அதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் போட வேண்டும். அந்த இடத் தெரிவு அட்டவணை பழைய மாணவர் ஒருவர் செய்து தந்தது. வருடா வருடம் எல்லா வகுப்பும் அதைத்தான் நிரப்பியது. கடல் ஆழம், சமதரை, நன்னீர், பாதை என்று வரிசையாகக் கேட்கும். எண்ணைப் போட்டால் கணினி தானே பத்துக்கு இத்தனை என்று புள்ளி தரும். கடைசி வரி: "இப்போது வசிப்போர்." ஆட்கள் கூடினால் புள்ளி குறையும். எழுப்புவதற்குச் செலவு, தாமதம், தலையிடி. மொத்தப் புள்ளியில் அந்த வரிக்குத்தான் பாரமும் அதிகம்.

பெரியம்மா சொன்ன குடும்பக் கணக்கைப் போட்டேன். பத்துக்கு இரண்டு வந்தது. சம்பூர் மூன்றாம் இடத்துக்கு விழுந்தது. நிலாவெளியில் கரைவலைக்காரர்களும் ஹோட்டல்களும்; நகரத்தோரம் சொல்லவே வேண்டாம். மூன்றுமே கொழும்புக்காரர்களின் இடங்களுக்குக் கிட்டவும் வராது.

வெள்ளவத்தைப் பெடியன் தொலைபேசியில் சலித்தான். "விடு தாயே. உங்கட ஊர் படத்தில மட்டும்தான் வடிவு. நாங்களும் தெற்கில ஒண்டை எடுப்பம்."

"கொஞ்சம் பொறு" என்றேன்.

எனக்கு எப்போதும் பதில் சட்டென்று வரும். வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அன்றும் வந்தது. அந்த வரி கேட்பது 'வசிப்போர்' அல்ல, 'இப்போது வசிப்போர்'. இப்போது அங்கே யார் இருக்கிறார்கள்?

பூச்சியத்தைத் தட்டினேன். பத்துக்குப் பத்து. சம்பூர் முதலாம் இடத்துக்கு ஏறியது. ஏறியது மட்டுமல்ல, மொத்தப் புள்ளியில் அப்படி ஒரு எண்ணை அந்த அட்டவணை கண்டிருக்காது.

"எமன் நீ!" என்றான் அவன். "அது பிழை இல்லையே?"

"பிழை இல்லை. உண்மைதானே."

அடுப்படியிலிருந்து பெரியம்மா, "பிள்ளை, எழுதி முடிஞ்சுதோ? தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்றார். ஊற்றச் சொன்னேன். குடித்தேன்.

கொழும்பில் நடுவர் நாளில் எங்களுக்குத்தான் முதலிடம். யாழ்ப்பாணத்தைச் சொந்த இடமாகக் கொண்ட, கொழும்பில் பெரிய ஆலோசனை நிறுவனமொன்றில் மேலே இருந்த பழைய மாணவர் ஒருவர், இடைவேளையில் கேக் தட்டோடு என்னிடம் வந்தார். அட்டவணையைச் செய்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, மற்றக் குழுவெல்லாம் சனத்தை எழுப்பிறதைப் பற்றி நாலு பக்கம் எழுதிச்சினம். நீங்கள் ஒரு எழுத்தில முடிச்சிட்டியள்." சிரித்தார். "இப்பிடி யோசிக்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். அடுத்த மாசம் வாங்கோ."

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மறுநாள் பஸ்ஸில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்கள் என்றுகூட ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து வெற்றியைச் சொன்னதும் பெரியம்மா கையை நீட்டினார். "கொண்டா பாப்பம்."

"இங்கிலீசில இருக்கு பெரியம்மா."

"இருபது வருஷம் தந்தி அடிச்ச எனக்கு இங்கிலீசு படிப்பிக்கிறியோ?"

கதிரையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து வாசித்தார். காசுக்கட்டளைப் படிவங்களை அப்படித்தான் சரிபார்ப்பாராம். ஒரு வரி முடிந்ததும் அடிமட்டம் ஒரு விரல் கீழே இறங்கும். நான் எழும்பிப் போயிருக்கலாம். அடுத்த பக்கம் நன்றாக இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். நிலைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடிமட்டம் கடைசி வரியில் நின்றது.

"இப்போது வசிப்போர், பூச்சியம்" என்று தமிழில் வாசித்தார். "தந்தி மாதிரிச் சுருக்கமா எழுதியிருக்கிறாய்."

அடிமட்டத்தைப் பக்கத்துப் புள்ளிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"அதுக்குப் பத்துக்குப் பத்தோ?"

"ஓம்."

"நாங்கள் அங்கேயே இருந்திருந்தால் எத்தனை?"

"ரெண்டு."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. வகுப்பில் கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படி.

"ரெண்டு" என்று அவரும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் துடைத்துத் திரும்பப் போட்டார். "அப்ப இனித் திரும்பிப் போனாலும் ரெண்டுதான்."

பிறகு அடிமட்டத்தை மேலே கொண்டுபோனார். "இதில ஒரு பிழை கிடக்கு. இந்தக் கிணறு உவர். நல்ல தண்ணி எண்டு நான் சொன்னது கோயிலடிக் கிணறு. மாறிப் போட்டாய். திருத்து. ஆராவது வந்து குடிச்சிட்டு எங்களைத்தான் பேசுவாங்கள்."

அவ்வளவுதான் சொன்னார். தேங்காய் துருவப் போய்விட்டார். ஏசியிருந்தால் நான் என்னிடமிருந்த நியாயங்களை எல்லாம் எடுத்து விரித்திருப்பேன். அதற்கு இடம் தரவில்லை.

அந்த அறிக்கையின் சுருக்கம் பழைய மாணவர் சஞ்சிகையில் அட்டவணையோடு வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் காலையே அட்டவணை செய்த அந்தப் பழைய மாணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், கடைசி வரியில ஒரு திருத்தம். பூச்சியம் எண்டதை எடுத்திட்டு, குடும்பத் தொகையைப் போட்டு, தற்காலிகமா இடம்பெயர்ந்திருக்கினம் எண்டு எழுதலாமோ?"

"அந்தக் கட்டத்தில எண் மட்டும்தான் போகும் தங்கச்சி."

"அப்ப எண்ணை மாத்துவம்."

"மாத்தினால் இரண்டு வரும். முதலிடம் போகும். பிறகு நாங்கள் என்னத்தைப் பிரசுரிக்கிறது?" குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்கள் எழுதினது பொய்யே? இல்லைத்தானே. யாழ்ப்பாணத்தில எங்கட வீடும் பதினேழு வருஷமா ஆமியின்ர முட்கம்பிக்குள்ள கிடக்கு. ஆரும் கேட்டால் நானும் பூச்சியம் எண்டுதான் சொல்லுவன். அதுக்கு நெடுகலும் அழுதுகொண்டு இருக்க ஏலுமே?"

அவரை வெறுக்க நான் ஆயத்தமாகத்தான் தொலைபேசி எடுத்திருந்தேன். அந்த வசதியும் போய்விட்டது.

"வேற ஏதும் திருத்தம் இருக்கோ?" என்று கேட்டார்.

முதலிடம் வேண்டாம், அறிக்கையை மீளப் பெறுகிறேன் என்று சொல்ல ஒரு வசனம் போதும். எனக்கு வசனம் அமைக்கத் தெரியும். ஆனால் அந்த வசனத்தோடு அடுத்த மாதத்து வேலையும் போகும் என்றும் தெரியும்.

"ஒரு கிணறு" என்றேன். "இரண்டு கிணறு மாறிப் போச்சு."

"அதுக்கென்ன, சொல்லுங்கோ. திருத்திவிடுறன்."

சஞ்சிகை தபாலில் வந்தபோது நான் கொழும்புக்குப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். வழுவழுப்பான தாள், நடுவில் என் படம், பக்கத்தில் அட்டவணை. பெரியம்மா அடிமட்டத்தோடு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தார். "கிணறு சரி" என்றார்.

அன்று சங்கக்கடையில் நிவாரணம் கொடுக்கும் நாள். அரிசி மூட்டையைத் தூக்க ஆள் வேண்டுமென்று நானும் கூடப் போனேன். வெயிலில் வரிசை வீதி வரை நீண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து காணி நிலவரம் சொன்ன பெண்களில் ஒருவர் முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, பிள்ளையின்ர எழுத்து புத்தகத்தில வந்திட்டுதாமே! எங்களைப் பற்றி என்ன போட்டிருக்கிறா?"

நான் பையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றேன். பெரியம்மா என் பக்கம் பார்க்கவில்லை.

"கோயிலடிக் கிணத்தைப் போட்டிருக்கிறாள்" என்றார். "ஆடியிலும் வத்தாது, நல்ல தண்ணி எண்டு."

"அதையோ!" என்று அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்தார். பிறகு தனக்கு முன்னால் நின்றவரின் தோளைத் தட்டி, "கேட்டியேடி, எங்கட கிணறு வெளிநாட்டுக்குப் போயிருக்கு" என்றார். அந்தச் செய்தி ஆள் ஆளாகத் தொற்றி, நிவாரண அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற வரிசையின் மறுமுனை வரைக்கும் போனது. அங்கிருந்து இரண்டு மூன்று பேர் எட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.