எண்ணெய் இறங்கும் வரை

கோவில்பட்டியில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதோடு இறந்தவர்களைக் கிடத்தும் ஃபிரீசர் பெட்டிகளையும் வாடகைக்கு விடுகிறேன். பெட்டி கேட்டு போன் செய்கிறவர்கள் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எனக்கும் அதுவே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரிவதில்லை.

போன ஐப்பசியில் நாகலாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. மிளகாயும் மக்காச்சோளமும் போடும் சம்சாரி வீடு. பெரியவர் விடியலில் இறந்துவிட்டார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் மறுநாள் மதியம்தான் வந்து சேருவாள். அதுவரை அவர் முகம் கெடாமல் இருக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

முந்தின நாள் மழையில் கரிசல் களியாகிக் கிடந்தது. லோடு ஆட்டோ ஊருக்கு வெளியிலேயே சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. ஊர் இளவட்டங்கள் ஓடிவந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். துக்க வீடு என்றால் அந்த ஊர்களில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. ஒயரையும் ஸ்டெபிலைசரையும் தூக்கிக்கொண்டு, செருப்பில் அப்பிய மண்ணோடு மல்லுக்கட்டி நான் போய்ச் சேர்ந்தபோது, பெட்டி வாசல் பந்தலில் இருந்தது.

"முடுக்குச் சந்து ரொம்பச் சின்னது அண்ணாச்சி, நேரா நுழையல. ஒருச்சாய்ச்சு நேக்கா கொண்டாந்துட்டோம்" என்றான் ஒருவன். அவன் முகத்தில் பெருமை. நான் முதலில் பெட்டியின் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் கால்மாட்டில் கம்ப்ரசர் இருக்கிறது. வாயை மூடிப் பற்றவைத்த கறுப்புச் சட்டி போலிருக்கும். அதன் அடியில் கொஞ்சம் எண்ணெய் கிடக்கும். உள்ளே தண்டு சுழலும்போது அதிலுள்ள துளை வழியாக எண்ணெய் மேலேறி, பிஸ்டனையும் தேய்கிற இடங்களையும் நனைத்துவிட்டு மறுபடி அடிக்கே வழியும். பெட்டியைச் சாய்த்தால் அந்த எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். உடனே கரண்ட் கொடுத்தால் எண்ணெய் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசும். குழாயில் நிற்கும் எண்ணெய் பிஸ்டன் தலைக்கு வந்துவிட்டால் இன்னும் மோசம். கேஸ் அமுங்கும், எண்ணெய் அமுங்காது. வால்வுத் தகடு உடைந்து பெட்டி அதோடு போய்விடும். என் மற்றப் பெட்டிகள் வேறு துக்க வீடுகளில் இருந்தன.

"எண்ணெய் இறங்கணும். மதியத்துக்கு மேலதான் போடணும். அதுவரைக்கும் ஐஸ் பார் வாங்கியாரச் சொல்லுங்க" என்றேன்.

இறந்தவரின் தம்பி துள்ளிக் குதித்தார். "பெட்டியக் கொண்டாந்துட்டுப் போட மாட்டேங்கீரு. செத்த வீட்டுல வந்து சட்டம் பேசுதீரா? ஏலே, அந்த பிளக்க வாங்குங்கலே!"

பிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஒட்டி நின்றேன். எனக்கும் கோபம் வரும். ஓடும் வரை மெஷினைப் பற்றிச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை, ஓடாவிட்டால் சட்டையைப் பிடிப்பார்கள். பதிலுக்குக் கத்த வாயெடுத்தவன், உள்ளே எழுந்த அழுகையைக் கேட்டு அடக்கிக்கொண்டேன்.

பெரியவரின் மனைவி தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தார். "அவிய சொல்லுதபடி விடுங்க. நாளைக்கு எம்புள்ள மொகத்தப் பாக்கணும்லா."

ஐஸ் பார்களைச் சாக்கில் பொதிந்து பெரியவரைச் சுற்றி அடுக்கினார்கள். வெயில் ஏற ஏற எல்லார் கண்ணும் என் மேல்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிற்பகலில் பிளக்கைச் செருகினேன். ஒரு முனகல், பிறகு சீரான ஓட்டம். குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சூடேறிக்கொண்டிருந்தது, உள்ளே குளிர் பிடிக்கிறது என்று அர்த்தம். பெரியவரைத் தூக்கிப் பெட்டிக்குள் கிடத்தினார்கள்.

மறுநாள் மகள் வந்தாள். கண்ணாடி மூடியைத் திறந்தோம். தூங்குகிறவர் முகம் போலவே இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் அப்பாவின் கன்னத்தில் கை வைத்தாள், வெடுக்கென்று எடுத்தாள்.

"ஏன் எங்கப்பாவ இப்படிக் குளுர வச்சிருக்கிய?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டாள்.

நர்ஸ், அவளுக்குத் தெரியாததா. விமானக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவர் மார்பில் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டாள். நான் போய் ஸ்விட்சை அணைத்தேன்.