பதினொரு பேர் வாசித்த நாவல்

ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையில் பழுப்பு அட்டை போட்ட பதினொரு நோட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், அதற்குக் கீழே ‘வாசிப்பு அனுபவம்’ என்று ஒரு தலைப்பு. பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், அந்தப் பதினொரு பேரின் அனுபவத்தையும் நான்தான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவரவர் தங்கள் கையெழுத்தில் நோட்டில் ஏற்றிக்கொண்டார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று இன்று தோன்றுகிறது. அன்று தலைகால் புரியாத பெருமை எனக்கு.

தமிழ்ப் பேராசிரியை ஒரு பழைய நாவலைக் கொடுத்து, “கதைச் சுருக்கம் வேண்டாம். படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டார். வந்தது வினை. சுருக்கம் என்றால் கடையில் கைடு கிடைக்கும். தோன்றியதற்கு எங்கே போவது? கதை பெரிதாக ஒன்றுமில்லை. இலங்கைக்குப் போன கணவன் இருபத்திரண்டு வருடம் கழித்து ஒருநாள் வாசலில் வந்து நிற்கிறான். அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருந்தது ஊருக்கே தெரியும். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் இலை போட்டுச் சோறு வைக்கிறாள். அதோடு நாவல் முடிந்துவிடுகிறது. முந்நூறு பக்கத்தையும் முழுதாகப் படித்தவள் ஹாஸ்டலில் நான் ஒருத்திதான்.

ஆள் பார்த்துத்தான் எழுதினேன். சண்டைக்காரியான களக்காட்டுக்காரிக்கு அந்த மனைவிமேல் கோபம் வந்தது. எதற்கெடுத்தாலும் கண்கலங்கும் கொற்கைக்காரி கடைசிப் பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். மனைவி இலை போட்டது ஒருத்திக்குக் கற்பு, இன்னொருத்திக்குப் பழிவாங்கல். எங்கள் ஹாஸ்டலில் ஊர்தான் பெயர், நானே நாங்குநேரிதான். பக்கத்துக் கட்டில் புன்னக்காயல்காரிக்கு என்ன தோன்ற வைக்கலாம் என்று யோசித்தேன். “எங்க அப்பா கப்பல்ல இருக்காவ” என்று முதல் வருடம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. போதாதா? அப்பா வரும் நாளில் அம்மா விடியும் முன்பே கரைக்குப் போய்ச் சீலா மீன் வாங்குவாள், அவர் சாப்பிட்டு எழும்வரை இலையை விட்டு நகரமாட்டாள், நாவலில் வந்த பெண் என் அம்மாதான் என்று எழுதித் தள்ளினேன். முடித்ததும் நானே இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அவள் அதைச் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் ஏற்றினாள். ஒரு வரியாவது மனதில் வாங்கியிருப்பாள் என்று தோன்றவில்லை.

கடைசியில் எனக்கென்று எழுத எதுவும் மிஞ்சவில்லை. எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒப்பேற்றினேன். பேராசிரியை என் நோட்டில் சிவப்பு மையில், ‘பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது’ என்று குறித்திருந்தார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. இன்று நானும் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். போனில் எடுத்து எழுதிய அனுபவங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன, எல்லாம் அழகான தமிழில். திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். எந்த முகத்தோடு திட்டுவது?

வகுப்பிலேயே மிகச் சிறந்தது என்று புன்னக்காயல்காரியின் நோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ் மன்ற விழாவில் அவள் மேடையேறி வாசிக்க வேண்டும். பேராசிரியையே அவள் அம்மாவுக்குப் போன் செய்து, “உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள், அவசியம் வரவேண்டும்” என்று அழைத்துவிட்டார். அன்று மாலை அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தாள்.

“ஏட்டி, இதுல என்ன எழுதி வச்சிருக்க?”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“எங்க அப்பா வீட்டுக்கு வந்து ஒம்பது வருசம் ஆகுது. கொச்சியில வேற ஒருத்திகூட இருக்காவ. எங்க வீட்டுல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்.”

உண்மையைச் சொன்னால் பதினொரு பேரின் மதிப்பெண்ணும் போகும், என் மானமும் போகும். சொல்லாவிட்டால் இவள் தன் அம்மாவை எதிரே உட்காரவைத்து இந்தப் பொய்யை வாசிக்க வேண்டும். “நீ வேற எழுதி வாசியேன், மாத்திக்கிட்டேன்னு சொல்லிரலாம்” என்றேன். என் அலமாரியிலிருந்து நாவலை எடுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் வகுப்பிலும் சாப்பாட்டிலும் அதுவே கையில். நான்காம் நாள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

“நீ எழுதுன எடத்துல எனக்கு ஒண்ணுமே வரலட்டி. அவன் வாசல்ல வந்து, செருப்ப எங்கன கழட்டி விடன்னு தெரியாம நிக்கான் பாரு, அங்கனதான் அழுகை வந்துச்சு.”

அப்படி ஓர் இடம் இருந்ததே எனக்கு நினைவில்லை. பதினொரு பேருக்காக அழுதும் கோபப்பட்டும் தீர்த்தவள் நான். “அவனுக்காகவா அழுத?” என்று கேட்டேன். “தெரியல” என்றாள். “அப்போ அதையே வாசியேன்” என்றேன்.

“எங்கம்மா முன்னாலயா? விட்டுட்டுப் போனவனுக்காக அழுதேன்னா?”

பொய் ஒரு பக்கம் அவள் அம்மாவை அவமானப்படுத்தும், நிஜம் இன்னொரு பக்கம் காயப்படுத்தும். எது குறைந்த பாவம் என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை.

விழாவன்று அவள் பொய்யைத்தான் வாசித்தாள். ஒரே குரலில், பஸ் நேரம் வாசிப்பதுபோல. மூன்றாம் வரிசையில் நீலப் புடவையில் அவள் அம்மா, மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரங்கம் கைதட்டியது. அவர் தட்டவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இருவரும் என்னிடம் வந்தார்கள். “இவதாம்மா எழுதுனா” என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். “மன்னிச்சிருங்கம்மா, எனக்கு எதுவும் தெரியாது” என்றேன். அவர் கேட்டது வேறு.

“கதையில அந்தப் பொம்பள நெசமாவே எல போட்டாளா?”

“போட்டாம்மா.”

“ஏன் போட்டா?”

பொறுமை, பழி, பழக்கம், கற்பு. பதினொரு தாளில் எழுதிய அத்தனை காரணமும் வாய்வரை வந்தது. “தெரியலம்மா” என்றேன். இன்றுவரை நான்கு தடவை அந்த நாவலைப் படித்துவிட்டேன். இன்னும் அதே பதில்தான்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “நானா இருந்தா போட மாட்டேன்” என்றார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், “சாப்பிட்டாச்சான்னு வேணா கேப்பேன்” என்றார்.

மேடையில் கல்மாதிரி நின்றவள் அங்கே உடைந்து அழுதாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எதுக்குட்டி இப்ப அழுதுகிட்டு நிக்க? நல்லாத்தான வாசிச்ச?” அம்மா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

“கேளும்மா,” என்றாள் அவள். “அப்பா வந்தா, கண்டிப்பா கேளு.”

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.